மேல்வானுக்கு ஏறிய கணக்கு

ஒரு மாறியில் கலப்பெண் பகுப்பாய்வு படித்துவிட்டு இரண்டு மாறிக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கலப்பெண் தளத்தில் எந்த அரங்கத்தை வரைந்தாலும், அதற்குள் மட்டுமே வாழ்ந்து, எல்லையில் ஒரு புள்ளியைக்கூடத் தாண்ட முடியாத ஒரு சார்பைக் கட்டிவிடலாம். அரங்கம் கோணலாக இருக்கலாம், நடுவில் ஓட்டை விழுந்திருக்கலாம், கவலையில்லை. மாறி இரண்டானதும் இது பொய்த்துப்போகிறது. சில அரங்கங்களில் எந்தச் சார்பை எடுத்தாலும் அது தானாகவே வெளியே வழிந்துவிடும். அந்த வழிதலில் பிறந்த கேள்விகளோடு மல்லுக்கட்டிய ஜப்பானியக் கணிதர் கியோஷி ஓகாவின் கதை இது.

(ஒவ்வொரு புள்ளியருகிலும் அடுக்குத் தொடராக எழுத வரும் சார்புகளைப் பற்றியதே இந்தப் பேச்சு. வகுப்பில் ஹோலோமார்ஃபிக் என்று சொல்வதைத்தான் இங்கே ‘பகுமுறை’ என்று எழுதுகிறேன்.)

வழிவதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். மாறிகள் க, ச. இரண்டின் அளவும் 1-க்குள் இருக்கும் இரட்டை வட்டு நமது மேடை. ஒரு பகுமுறைச் சார்பு ப, இரண்டு இடங்களில் மட்டும் தெரியும்: |ச| > 1/2 உள்ள பகுதி முழுவதும், |க| < 1/2 உள்ள பகுதி முழுவதும். மீதி இருட்டு. இப்போது க-வை ஒரு மதிப்பில் நிறுத்திவைத்து, ச-வின் தளத்தில் |ச| = 3/4 என்ற வட்டத்தின்மேல் கோஷியின் தொகையீட்டைப் போடுங்கள் (வட்டத்தின்மேல் உள்ள மதிப்புகளைக் கொண்டு உள்ளே உள்ள மதிப்பைத் தரும் வாய்பாடு அது). அந்த வட்டத்தில் ப எப்போதுமே தெரியும், க எதுவாக இருந்தாலும். தொகையீடு வட்டத்துக்குள்ளே ஒரு புதிய சார்பு ம-வைத் தருகிறது. அது க, ச இரண்டிலும் பகுமுறை. |க| < 1/2 ஆக இருக்கும்போது வட்டத்தின் உள்புறம் முழுவதும் ப தெரிந்ததே. ஆகவே கோஷியின் வாய்பாட்டின்படி ம-வும் ப-வும் அங்கே ஒன்று. ஒரு மூலையில் ஒன்றானால், இரண்டும் வாழும் தொடர்ச்சியான பகுதி முழுவதிலும் ஒன்று. முடிந்தது: இருட்டாக இருந்த இடத்துக்கு ப நீண்டுவிட்டது. ஒரு மாறியில் இந்த வித்தை பலிக்காததற்குக் காரணம், வட்டத்தை நகர்த்திக்கொண்டு போக இன்னொரு திசை அங்கே இல்லை.

ஜெர்மானியர் ஹார்டோக்ஸ் 1906-இல் கண்ட இந்த நிகழ்வுதான் பல மாறிக் கலப்பெண் பகுப்பாய்வைத் தனித் துறையாக்கியது. இனி அரங்கங்களை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். வழிய விடுபவை ஒரு பக்கம். சார்பைப் பிடித்துவைத்துக்கொள்பவை மறுபக்கம். பின்னதைப் பகுமுறை அரங்கம் என்போம். எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பது எப்படி, கண்டுபிடித்தால் ஒரு மாறியின் பழைய தேற்றங்கள் அங்கே திரும்பக் கிடைக்குமா என்பதில்தான் ஓகாவின் வாழ்நாள் போனது.

ஓகா 1901 ஏப்ரல் 19 அன்று ஒசாகாவில் பிறந்தவர். குடும்பத்தின் பூர்வீகம் வாகயாமா மாகாணத்தில் கிமி என்ற மலைக் கிராமம். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்குச் சேர்ந்து, கணிதத்துக்கு மாறி, 1925-இல் பட்டம் பெற்று, அங்கேயே பாடம் நடத்தினார். பின்னாளில் நோபல் பெற்ற யுகாவாவும் டொமொனாகாவும் அவரிடம் படித்த மாணவர்கள். 1929 முதல் 1932 வரை பாரிஸில் கணிதர் காஸ்தோன் ஜூலியாவை அண்டி ஆய்வு. அங்கே கிடைத்த நண்பர் நகாயா உகிச்சிரோ, பனிப்படிக ஆராய்ச்சியால் புகழ்பெற்ற இயற்பியலாளர். திரும்பி வந்ததும் ஹிரோஷிமாவில் வேலை.

1934-இல் பென்கே, துல்லென் என்ற இரு ஜெர்மானியர்கள் பல மாறித் துறையின் அன்றைய நிலையைத் தொகுத்து ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். எது தெரியும், எது தெரியாது என்று பட்டியல் போட்ட நூல். ஓகா கிட்டத்தட்ட முடித்துவைத்திருந்த தன் ஆய்வேட்டை ஓரமாக வைத்துவிட்டு, 1935 ஜனவரி 2 அன்று இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு மாதம் பிரச்சினைகள் ஒன்றோடொன்று எப்படிப் பின்னியிருக்கின்றன என்று வகைப்படுத்தவே போனது. தேறியவை மூன்று.

முதலாவது பிரெஞ்சுக்காரர் கூசானின் பிரச்சினை. சார்பு எங்கெங்கே எந்த மாதிரித் துருவம் (மதிப்பு எல்லையின்றிப் பெருகும் இடம்) கொள்ள வேண்டும் என்று இடத்துக்கு இடம் சொல்லிவிட்டால், அவ்வளவையும் நிறைவேற்றும் ஒரே சார்பு முழு அரங்கத்திலும் கிடைக்குமா? துருவத்துக்குப் பதில் பூச்சியங்களைக் கொடுத்தால் அது கூசானின் இரண்டாம் பிரச்சினை. இரண்டாவது, தோராயம்: அரங்கத்தின் ஒரு பகுதியில் வாழும் சார்பை, இன்னும் பெரிய இடத்தில் வாழும் சார்புகளால் வேண்டிய துல்லியத்துக்கு நெருங்க முடியுமா? மூன்றாவது இத்தாலியர் லெவியின் பெயரால் வழங்குவது. பகுமுறை அரங்கத்தின் எல்லை ஒவ்வொரு புள்ளியருகிலும் ஒருவகை வளைவோடு இருந்தாக வேண்டும். அதைப் போலிக்குவிவு என்கிறார்கள். திருப்பிக் கேட்டால் என்ன? எல்லையின் ஒவ்வொரு புள்ளியிலும் வளைவு சரியாக இருந்தாலே அரங்கம் முழுவதும் பகுமுறை அரங்கமாகிவிடுமா? லெவி இதை எழுப்பியது 1910 வாக்கில். 1917-இல் உலகப் போரில் இறந்துபோனார்.

கூசான் பிரச்சினை எங்கே உடைகிறது என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம், பிற்பாடு உதவும். இரு மாறி வெளியிலிருந்து ஆதிப்புள்ளியை மட்டும் பிடுங்கிவிடுங்கள். க ≠ 0 உள்ள பகுதியில் 1/(கச) மாதிரித் துருவம் வேண்டும். ச ≠ 0 உள்ள பகுதியில் துருவமே கூடாது. இரண்டும் மேவும் இடத்தில் 1/(கச) பகுமுறைதான், ஆகவே கோரிக்கையில் முரண் இல்லை. நிறைவேற்றும் சார்பு ப என்று ஒன்று இருப்பதாக வைத்து, அதை ச-வால் பெருக்குங்கள். துருவம் கரைந்து, ச·ப எல்லா இடத்திலும் பகுமுறை ஆகிறது. ஹார்டோக்ஸ் சொன்னபடி அது ஆதிப்புள்ளிக்கும் நீளும். ஆனால் ச = 0 என்ற கோட்டில் அதன் மதிப்பு 1/க. க பூச்சியத்தை நெருங்கும்போது அது வெடிக்கிறது. முரண். ஆக, வழியும் அரங்கத்தில் கூசானுக்குத் தீர்வு கிடைக்காமல் போகலாம். பகுமுறை அரங்கமாக இருந்தால்? கூசான் 1895-இலேயே தள அரங்கங்களின் பெருக்கமாக இருக்கும் அரங்கங்களுக்குத் தீர்த்துவிட்டார். பெருக்கமாக இல்லாத கோணல் அரங்கங்களில்தான் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஓகாவுக்கு அடுத்த மூன்று மாதம் காலையில் ஒரு புது வழி, மாலையில் அது உதவாது என்ற முடிவு. பிறகு முயற்சி செய்யவே வழி தீர்ந்து, வேலையில் உட்கார்ந்தாலே தூக்கம் வந்தது. கோடையில் நகாயா அழைத்ததன்பேரில் சப்போரோவுக்குப் போனார். ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் அவருக்குக் கொடுத்த அறையில் சோபாவில் தூங்கிக்கொண்டே இருந்ததால், தூக்க மூளைக்காய்ச்சல் பிடித்தவர் என்றே பட்டப்பெயர் விழுந்தது. விடுமுறை முடியும் தறுவாயில் நகாயா வீட்டில் காலை உணவு முடித்துப் பக்கத்து அறையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது எண்ணம் ஒரு திசையில் சேரத் தொடங்கி, இரண்டரை மணி நேரத்தில் எங்கே எதைச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகிவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

ஓகாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்தச் சோபாவோடு நின்றுவிடுகிறார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தில் தெரிந்தது என்ன என்பதுதான் சுவையான பகுதி, அதுவும் சொல்ல முடியாத அளவுக்குக் கடினமானதல்ல. ஜப்பானிய மொழியில் அவர் வைத்த பெயரை அப்படியே சொன்னால் ‘மேல்வானுக்கு மாறும் நெறி’. கோணலான அரங்கத்தோடு மல்லுக்கட்டாதே, பரிமாணத்தைக் கூட்டு, மேலே உள்ள பெரிய, சுத்தமான பெருக்க அரங்கத்துக்குள் இந்தக் கோணல் அரங்கத்தை ஒரு பரப்பாக வை, கணக்கை மேலே தீர்த்துவிட்டு இறங்கி வா.

ஒரு மாறியிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். 1/2 < |க| < 2 என்ற வளையத்தை எடுங்கள். நடுவில் ஓட்டை இருப்பதால் 1/க போன்ற சார்பைப் பல்லுறுப்புக்கோவைகளால் நெருங்கவே முடியாது. இப்போது ச = 1/க என்று இரண்டாவது மாறியைச் சேருங்கள். வளையத்தின் ஒவ்வொரு புள்ளியும் (க, 1/க) என்று மேலே ஏறி உட்காருகிறது. வளையத்தில் |க|-வும் 2-க்குள், |1/க|-வும் 2-க்குள். ஆகவே வளையம் முழுவதும் |க| < 2, |ச| < 2 என்ற இரட்டை வட்டுக்குள் கச = 1 என்ற வளைகோடாகப் படிந்துவிட்டது. இரட்டை வட்டில் ஓட்டை இல்லை, கோணல் இல்லை.

சார்பு ஒன்றை ஏற்றிப் பார்ப்போம்: 1/(க(3−க)). வளையத்தில் இது பகுமுறை. துருவங்கள் 0-விலும் 3-லும், இரண்டும் வளையத்துக்கு வெளியே. 1/க இருக்கும் இடத்தில் ச-வைப் போட்டால் ச/(3−க). |க| < 2 என்பதால் பகுதி பூச்சியமாகாது. இரட்டை வட்டு முழுவதும் பகுமுறை. ஏற்றியாகிவிட்டது. இதே சார்பை முதலில் பகுதிப் பின்னங்களாகப் பிரித்துவிட்டு ஏற்றினால் வேறொன்று கிடைக்கும்: (1/3)(ச + 1/(3−க)). இரண்டு ஏற்றங்களும் ஒன்றல்ல. கழித்துப் பாருங்கள், (கச−1)/(3(3−க)) என்று வரும்; கச = 1 என்ற வளைகோட்டில் அது பூச்சியம். புதிதாகப் படிப்பவர்கள் ‘அந்த’ ஏற்றம் எது என்று தேடுவார்கள். அப்படி ஒன்று கிடையாது. ஏற்றங்கள் எண்ணற்றவை, ஒன்று இருந்தால் போதும்.

ஏற்றிய பிறகு மிச்ச வேலை பள்ளிக்கணக்கு மாதிரி. இரட்டை வட்டில் எந்தப் பகுமுறைச் சார்புக்கும் அடுக்குத் தொடர் உண்டு; அதை ஓரிடத்தில் வெட்டினால் க, ச இரண்டிலும் ஒரு பல்லுறுப்புக்கோவை; அதில் ச = 1/க என்று திரும்பப் போட்டால் வளையத்தில் விகிதமுறுச் சார்பால் ஆன தோராயம். லோரான் தொடரின் நேர் அடுக்குகளைக் க-விலும் எதிர் அடுக்குகளைச் ச-விலும் எழுதியதுதான் இது. வளையத்துக்கு லோரான் இருக்கிறார். லோரானே இல்லாத அரங்கத்திலும் நெறி ஓடும் என்பதுதான் விஷயம்: பல்லுறுப்புக்கோவைகள் சிலவற்றின் அளவு 1-ஐ மீறாத புள்ளிகள் என்று வரையறுக்கப்பட்ட எந்தப் பன்முகியையும், அந்தக் கோவைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு புது மாறி சேர்த்து ஏற்றிவிடலாம்.

ஏற்றம் இருக்கிறது என்பதை நிறுவ ஓகா கூசானையே பிடிக்கிறார். நம் எடுத்துக்காட்டில், வளைகோட்டின் அருகே ப/(கச−1) மாதிரித் துருவம் வேண்டும், மற்ற இடத்தில் ஒன்றும் வேண்டாம் என்று இரட்டை வட்டில் கூசான் கோரிக்கை வையுங்கள். இரட்டை வட்டு பெருக்க அரங்கம், ஆகவே 1895-இன் விடையே போதும். கிடைத்த தீர்வைக் (கச−1)-ஆல் பெருக்கினால் துருவம் கரைகிறது; வளைகோட்டின்மேல் மதிப்பு சரியாக ப. பல கோவைகள் இருக்கும்போது இது ஒரு படிக்கட்டாக மாறும். ஒரு கோவையை ஏற்றுவதற்கு, கோவை ஒன்று குறைந்த பன்முகியில், ஆனால் ஒரு பரிமாணம் கூடிய இடத்தில், கூசான் தேவை. அங்கே கூசானைத் தீர்க்க அதற்கும் மேலே ஓர் ஏற்றம் தேவை. கோவைகள் தீர்ந்ததும் நிற்பது வெறும் பெருக்க அரங்கம். வகுப்பில் இங்கே வழக்கமாக வரும் பிழை, சார்பு பன்முகியின் விளிம்புவரை மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைப்பது. போதாது. விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் இடம் வேண்டும். ஒவ்வொரு படியிலும் அந்த இடத்தில் ஒரு சிறு பங்கு செலவாகிறது. முதலிலேயே இதற்கு ஒதுக்கிவைக்காவிட்டால் கடைசிப் படியில் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இந்த ஏற்றும் நெறி 1936-இல் ஹிரோஷிமா பல்கலைக்கழக இதழில் பிரெஞ்சில் வந்தது, 11 பக்கம். தொடரின் தலைப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: பல மாறிப் பகுமுறைச் சார்புகள் பற்றி. உரோமன் எண்ணில் ஒன்று முதல் பத்து வரை. 1937-இல் இரண்டாவது, எல்லாப் பகுமுறை அரங்கங்களுக்கும் கூசானின் முதல் பிரச்சினை தீர்ந்தது. 1939-இல் மூன்றாவது: பகுமுறை அரங்கத்தில் கூசானின் இரண்டாம் பிரச்சினைக்கு, தொடர்ச்சியான சார்பாக ஒரு தீர்வு இருந்தாலே பகுமுறைத் தீர்வும் உண்டு. தடை இருந்தால் அது இடவியல் தடை மட்டுமே. இன்றைக்கு ஓகா நெறி என்ற பெயரில், கிரவுவெர்ட் 1957-இலும் குரோமோவ் 1989-இலும் விரித்ததன்பின், தனித் துறையாகவே வளர்ந்திருப்பது இந்த மூன்றாவது கட்டுரையின் விதைதான்.

ஓகாவின் வாழ்க்கை இதற்கிடையில் சரிந்தது. உடலும் மனமும் நலிந்து 1938-இல் விடுப்பில் கிமிக்குத் திரும்பினார்; 1940-இல் வேலையும் போனது. நிலத்தையும் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையையும் வைத்துக் குடும்பம் ஓடியது. பகலில் கல்லாலும் குச்சியாலும் மண்ணில் எழுதிப் பார்ப்பார்; இரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தாக்கில் மின்மினி பிடிப்பார், கொல்ல மனம் வராமல் பறக்க விட்டுவிடுவார். லெவி பிரச்சினையின் திறவுகோல் அந்த நாட்களில் கிடைத்தது. 1942-இல் ஆறாவது கட்டுரை, இரு மாறிக்கு மட்டும். உத்தி: அரங்கத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பகுமுறை அரங்கம் என்று காட்டி, ஒட்டுவது. ஒட்டும் இடத்தில், கோஷியின் தொகையீட்டைப் பல மாறிக்கு விரித்த பிரெஞ்சுக் கணிதர் ஆந்த்ரே வெயிலின் தொகையீட்டைக் கொண்டு ஒரு தொகையீட்டுச் சமன்பாட்டை அமைத்துத் தீர்க்கிறார். இதையே எத்தனை மாறிக்கும் 1943-இல் ஜப்பானிய மொழியில் எழுதி முடித்தும், அச்சில் அது வரப் பத்து ஆண்டு பிடித்தது. காரணம், இடையில் அவர் இன்னும் பெரிய ஒன்றின்மேல் கண் வைத்திருந்தார்: ஒரு பரப்பு தன்மேலேயே மடிந்து கிளைக்கும் புள்ளிகள் கொண்ட அரங்கங்கள். அதற்கு ஏற்றும் நெறியைப் புதுப்பிக்க வேண்டும். ஏற்றும் பரப்பு வழவழப்பாக இல்லாமல் முனையும் மடிப்புமாக இருந்தாலும் ஏற வேண்டும்.

ஏழாவது கட்டுரை அதற்காக எழுதியது, என் கணக்கில் பத்தில் அதுதான் உச்சம். கேள்வி பார்க்கச் சின்னது. க, ச இரண்டையும் வைத்து, ப·க + ம·ச = 0 ஆகும் பகுமுறைச் சோடிகள் (ப, ம) எவை? ஆதிப்புள்ளியில் ச, ப-வை வகுக்க வேண்டும். ஆகவே சோடி (ச, −க)-வின் மடங்கு. ஆதிப்புள்ளியை விட்டு நகர்ந்து க ≠ 0 உள்ள இடத்துக்குப் போனால்? அங்கே ப = −ம·ச/க, ஆகவே சோடி மறுபடி (ச, −க)-வின் மடங்கு, பெருக்கும் சார்பு −ம/க. ஒரு புள்ளியில் கண்டெடுத்த அடிப்படை அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கும் செல்லுபடியாகிறது. எந்தச் சார்புகளை எடுத்துக்கொண்டாலும், முடிவுள்ள எண்ணிக்கையில் இப்படி ஓர் அடிப்படை, அக்கம் முழுவதற்கும் சேர்த்துக் கிடைக்கும் என்பதே ஓகாவின் தேற்றம்.

இது தானாக நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தளத்தில் |க| < 1 உள்ள புள்ளிகளில் எந்தச் சார்பும் வரலாம், |க| ≥ 1 உள்ள புள்ளிகளில் பூச்சியம் மட்டுமே வரலாம் என்று ஒரு விதி வையுங்கள். வட்டத்தின்மேல் உள்ள புள்ளியில் அடிப்படை பூச்சியம். மயிரிழை உள்ளே நகர்ந்தால் அது எதற்கும் உதவாது. இந்த மாதிரி நோய் ப·க + ம·ச = 0 போன்ற தொடர்புச் சமன்பாடுகளில் வரவே வராது என்று காட்டுவதுதான் வேலை. வயர்ஸ்ட்ராஸின் தயாரிப்புத் தேற்றத்தால் சார்புகளை ஒரு மாறியில் பல்லுறுப்புக்கோவைகளாக்கி, வகுத்து, படியைக் கட்டுப்படுத்தி, மாறி ஒன்று குறைந்த வெளியின் கெழுக்களுக்குக் கணக்கை இறக்குகிறார். இந்த முறை ஏறுவதில்லை, இறங்குகிறார்.

கைப்பிரதி போருக்குப் பிந்தைய ஜப்பானிலிருந்து கைமாறிக் கைமாறி ஆந்த்ரே வெயிலிடமும், அவரிடமிருந்து இன்னொரு பிரெஞ்சுக் கணிதர் ஆன்ரி கார்த்தானிடமும் சேர்ந்தது. கார்த்தான் 1944-இலேயே இதே கேள்வியில் நின்றுகொண்டிருந்தவர். 1950-இல் பிரெஞ்சுக் கணிதக் கழக இதழின் 78-ஆம் தொகுதியில் 1 முதல் 27 வரையுள்ள பக்கங்கள் ஓகாவுடையவை. 29-இல் தொடங்குகிறது கார்த்தானின் கட்டுரை. அச்சுக்குப் போகுமுன் கார்த்தான் ஓகாவின் வாசகத்தில் கைவைத்திருந்தார். ஓகாவுக்கு அது பிடிக்கவில்லை; 1961-இல் இவானமி பதிப்பகம் அவர் கட்டுரைகளைத் தொகுத்தபோது ஏழாவதை மூல வடிவிலேயே போட்டுக்கொண்டார்.

வருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்று தோன்றுகிறது. புள்ளிக்குப் புள்ளி எந்தச் சார்புகள் வரலாம் என்று விதிக்கும் இந்தக் கருத்துக்கு ஓகா ‘அரங்கம் வரையறுக்கப்படாத ஐடியல்’ என்று பெயர் வைத்திருந்தார். கார்த்தானும் இன்னொரு பிரெஞ்சுக் கணிதர் செரும் அதை, இடத்துக்கு இடம் உள்ள தரவுகளை ஒன்றாகக் கட்டிக் கையாளும் ஷீஃப் மொழிக்கு மாற்றி, 1951–52 பாரிஸ் கருத்தரங்கில் ஒரு முழுக் கோட்பாடாக்கினார்கள். மாற்றியதால்தான் உலகம் படித்தது, அது உண்மை. ஆனால் அந்த மொழியில் முதலில் படிப்பவருக்கு (ச, −க) என்ற சோடி கண்ணில் படுவதே இல்லை.

எட்டாவது 1951-இல். முனையுள்ள பரப்பில் என்ன கெடும் என்பதற்கு ச² = க³ போதும்: அதன்மேல் ச/க என்பது வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் ஆதிப்புள்ளியருகே க, ச-வின் அடுக்குத் தொடராக எழுத வராது. இப்படிப்பட்டவற்றையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு கட்டுக்குள் இருக்கும் என்பது அந்தக் கட்டுரை. 1953-இல் ஒன்பதாவது, 59 பக்கம், லெவி பிரச்சினை எத்தனை மாறிக்கும். பிரெமர்மானும் நோர்கேவும் 1954-இல் தனித்தனியே இதை அடைந்தார்கள். பத்தாவது 1962-இல், ஒரு பின்குறிப்பு மாதிரி.

1949 முதல் 1964 வரை ஓகா நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1960-இல் பண்பாட்டு விருது வந்தது. அதன்பின் எழுதிய கட்டுரைகளால் கணிதமே தெரியாத ஜப்பானியருக்கும் தெரிந்தவரானார்.

இப்போது அவரைப் படிக்க நினைப்பவருக்கு வழி சுலபம். பத்துக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில், கார்த்தானின் விளக்கவுரையோடு, 1984-இல் ஸ்பிரிங்கர் வெளியீடாக வந்தன. மொழிபெயர்த்தவர் ராகவன் நரசிம்மன். சென்னை லயோலா கல்லூரியில் படித்து, மும்பை டாட்டா ஆய்வு நிலையம் வழியாகச் சிகாகோ போனவர். முனையுள்ள கலப்பெண் வெளிகளுக்கு லெவி பிரச்சினையை 1960-களின் தொடக்கத்தில் தீர்த்தவரும் அவர்தான், ஆகவே எந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று தெரிந்த கை. முதல் கட்டுரையை வளைய எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அடுத்து இரண்டு. பிறகு நேரே ஏழுக்குத் தாவலாம். ஆறை விட்டு ஒன்பதைப் படிப்பது மேல். முன்னதில் உள்ள ஒட்டும் உத்தி பின்னதில் இன்னும் துப்புரவாக இருக்கிறது.

ஒன்பதாவதின் தலைப்பிலேயே ஒரு நிபந்தனை உண்டு: ‘உள்ளே கிளைப்புள்ளி இல்லாத’ அரங்கங்கள். ஏழும் எட்டும் கட்டியதே கிளைப்புள்ளி உள்ளவற்றுக்காக. அங்கே லெவி பிரச்சினை அவருக்கு மசியவில்லை. 1978 மார்ச் 1 அன்று ஓகா நாராவில் இறந்தார். அதே ஆண்டு நார்வே நாட்டவர் ஃபோர்னெஸ் ஜெர்மானிய இதழொன்றில் சில பக்கங்களே உள்ள ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லையின் ஒவ்வொரு புள்ளியிலும் எல்லாம் சரியாக இருந்தும், மொத்தத்தில் பகுமுறை அரங்கமாக வராத, கிளைப்புள்ளி கொண்ட ஓர் அரங்கம் அதில் இருந்தது.